நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்து கேட்கவும்

காது பரிசோதனை செய்கிறவர்களுக்கென்று ஒரு வாட்ஸாப் குழு இருக்கிறது. காலையில் பூப்படம், மாலையில் பிறந்தநாள் கேக் படம் என்று அமைதியாகப் போய்க்கொண்டிருந்த குழு. போன மாதம் ஒரு விற்பனையாளர் அதில் வெள்ளி இழை போட்ட ஹெட்போன் கேபிள் ஒன்றின் படத்தைப் போட்டு, இதை மாட்டினால் சத்தத்தின் தரமே மாறும், பரிசோதனை முடிவும் துல்லியமாகும் என்று எழுதிவிட்டார். பாதிப் பேர் விலை கேட்டார்கள். பாதிப் பேர் கேபிள் என்பது வெறும் கம்பி, அதில் என்ன தரம் என்று சண்டைக்கு வந்தார்கள். ஒருவரும் எதையும் மாட்டிக் கேட்டுப் பார்க்கவில்லை. இருந்தும் இரண்டு நாள் சண்டை ஓய்ந்தபாடில்லை. மூன்றாம் நாள் கவிதா என்னைக் கூப்பிட்டு எழுதினாள்: "சகுந்தலா மேடம், நீங்க சொல்லுங்க. கேபிள் மாத்தினா காதுக்கு வித்தியாசம் தெரியுமா?"

கவிதா, நான் ஓய்வு பெற்றபோது விட்டுவிட்டு வந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். இருபத்தெட்டு வருஷம் காது பார்த்தவளிடம் கேட்டிருக்கிறாள். பதிலைப் பெருவிரலால் தட்டி முடிக்க முடியாது என்பதால் நமது சங்கத்தின் செய்திமடலில் இதை எழுதுகிறேன். செய்திமடலை யாரும் படிப்பதில்லை என்பதும் ஒரு வசதி.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சென்னையில் இரண்டு வருஷம். விடுதிச் சாம்பாரும் உள்காதின் வரைபடமும் நினைவிருக்கின்றன, வரைபடம் கொஞ்சம் மங்கலாக. படித்து முடித்ததும் திருவண்ணாமலைக்கு வந்தேன். செங்கம் சாலையில் ஒரு அறக்கட்டளை நடத்திய சின்ன காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். நடத்தியவர்கள் நல்லவர்கள். இங்கே வரப்போகும் தப்பு என்னுடையது.

வேலை இதுதான். சத்தம் புகாத ஒரு சின்ன அறை, நான்கு பக்கமும் பஞ்சு வைத்த சுவர், ஒரு கண்ணாடி ஜன்னல். நோயாளி உள்ளே ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காருவார். நான் வெளியே மெஷினோடு உட்கார்ந்து, விசில் மாதிரி ஒரு சத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் அனுப்புவேன். கேட்கும்போதெல்லாம் அவர் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். என் பக்கத்தில் ஒரு விளக்கு எரியும். எரிந்த இடங்களைத் தாளில் குறித்துச் சேர்த்தால் அதுதான் அவருடைய காது.

தினமும் முதல் நோயாளி வருவதற்கு முன்னால் மெஷினை நாமே கேட்டுப் பார்க்க வேண்டும். வரிசை எனக்கு இன்னும் தூக்கத்தில் கேட்டாலும் வரும். மெஷினைப் போட்டுப் பத்து நிமிஷம் சூடாக விடவும். குஷன்களைத் துடைக்கவும், சிவப்பு வலது காது, நீலம் இடது காது. கேபிளை முனைக்கு முனை விரலால் நீவிப் பார்க்கவும். உள்ளே போய்க் கதவைச் சாத்தி, நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்கவும். சத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது கேபிளை இரண்டு முனையிலும் வளைத்தும் இழுத்தும் பார்க்கவும். கரகரப்போ விட்டு விட்டு வருவதோ கூடாது. பிறகு சத்தத்தை நிறுத்திவிட்டு, ஒன்றும் கேட்கவில்லை என்பதையும் கேட்கவும். கடைசியாகப் பதிவேட்டில் 'கேட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடவும்.

இனி கவிதாவின் கேள்வி. சுருக்கமான பதில், தெரியாது என்பது. அதை எனக்கு நிரூபித்துக் காட்டியவர் ஸ்ரீதர்.

என் பணியின் கடைசி வருஷத்தில் வந்தார் அவர். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு ரமணாசிரமம் பக்கம் வாடகை அறையில் தனியாக இருந்தார். ஐம்பத்திரண்டு வயது. வெல்வெட் பையிலிருந்து ஒரு ஹெட்போனை, பிறந்த குழந்தையை எடுப்பதுபோல் எடுத்தார். அதன் கேபிள் கல்யாணப் பெண்ணின் ஜடை மாதிரி பின்னியிருந்தது.

"இதுல டெஸ்ட் பண்ணுங்க மேடம். உங்க கேபிள்ல டீடெய்ல் எல்லாம் போயிடும்."

"ஹெட்போனும் மெஷினும் ஜோடி சார். அளவு பாத்து சேர்த்து வெச்சது. பிரிக்கக் கூடாது. பிரிச்சா வர ரிசல்ட் செல்லாது."

அரைமனதாக எங்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். காது அந்த வயதுக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அது அவருக்கு அவமானமாகப் போய்விட்டது. ஏமாற்றத்தோடு யாரையும் அனுப்பி எனக்குப் பழக்கமில்லை. மதியம் கூட்டம் குறைந்ததும் அவருடைய ஹெட்போனை வைத்தே ஒரு பரிசோதனை செய்யலாம் என்றேன்.

அவருடைய ஜடை ஒன்று, அந்த ஹெட்போன் பெட்டியிலேயே வந்த சாதாரணக் கேபிள் ஒன்று. முதலில் இரண்டிலும் சத்தத்தின் அளவை மீட்டர் வைத்துச் சமமாக்கினேன். சாதாரணக் கேபிளில் ஒரு முடியளவு கம்மியாகத்தான் இருந்தது. இதைச் செய்யாமல் கேட்டால் ஜாஸ்தியாகக் கேட்பதுதான் நல்ல கேபிள் என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். பிறகு அவரை ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தேன். எங்கள் ஆயா அஞ்சலை உள்ளே அவருக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு தடவையும் காசைச் சுண்டி, தலை விழுந்தால் ஜடை, பூ விழுந்தால் சாதா என்று மாட்டி, தன் தாளில் குறித்துக்கொள்வாள். வெளியே அவர் சொல்வதை என் தாளில் குறிக்கும் எனக்கு எது மாட்டியிருக்கிறது என்று தெரியாது. தெரிந்தால் என் குரலே அவருக்கு விடையைச் சொல்லிவிடும். பதினாறு தடவை. முடிந்ததும் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒன்பது சரி.

"ஒன்பதுன்னா பாஸ்தானே மேடம்?"

"சும்மா கண்ண மூடிட்டு சொன்னாலே எட்டு வரும் சார். அஞ்சலை கூட எட்டு எடுப்பாங்க."

"என்னை ஏன் இழுக்கறீங்க மேடம்," என்றாள் அஞ்சலை. "நான் ரெண்டாங்கிளாஸ் ஃபெயிலு."

ஸ்ரீதர் சிரிக்கவில்லை. கேபிளைச் சுருட்டிக்கொண்டே, "ஆனா ரூம்ல தனியா கேக்கறப்ப நல்லாத் தெரியுது மேடம்," என்றார்.

"ரூம்ல நீங்க கேபிளைப் பாத்துக்கிட்டே கேக்கறீங்க."

போய்விட்டார். இதோடு தெளிந்துவிட்டார் என்று நினைத்தேன். அடுத்த வாரம் வேறொரு கேபிளோடு வந்து நின்றார், தங்கமுலாம் பூசியதாம். மறுபடியும் அஞ்சலை காசைச் சுண்டினாள். ஏழு. அதற்கடுத்த வாரம் இன்னொன்று. மூன்றாம் தடவை அவர் தன் மதிப்பெண்ணைக்கூடக் கேட்கவில்லை; டீ குடித்துவிட்டு, அஞ்சலையின் பேத்தி பள்ளிக்கூடம் சேர்ந்துவிட்டாளா என்று விசாரித்துவிட்டுப் போனார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு மனிதர் நான்கு சுவரைவிட்டு வெளியே வர ஏதோ ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. அந்தக் காரணத்தை நான் தடுக்கவில்லை. எனக்கும் அது தெரிந்த வியாதிதான்.

ஆக, நல்ல கேபிளுக்கும் நல்ல கேபிளுக்கும் காதுக்கு வித்தியாசம் தெரியாது. இந்த அளவோடு நிறுத்திக்கொண்டால் குழுவில் பாதிப் பேர் எனக்குக் கைதட்டுவார்கள். ஆனால் நீளமான பதில் ஒன்று இருக்கிறது. அதற்கு ஸ்ரீதருக்குப் பல வருஷம் முன்னால் போக வேண்டும்.

அப்போது எங்கள் பெரிய டாக்டர் ஏகாம்பரம். உயரமானவர். யார் எதிரிலும் உட்கார மாட்டார்; நின்றபடியே கேட்பார், நின்றபடியே எழுதுவார். காலை எட்டே முக்காலுக்கு என் அறை வாசலில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்கும். பதிவேட்டைத் திறந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"கேட்டியாம்மா?"

"கேட்டேன் சார்."

அவ்வளவுதான். குட்மார்னிங் கிடையாது, சாப்பிட்டியா கிடையாது. என் தாளில் ஏதாவது பிடிக்கவில்லையென்றால் திட்ட மாட்டார். தாளின் மூலையில் 'மறுபடி' என்று எழுதித் திருப்பி அனுப்புவார். ஆரம்பத்தில் வாரத்துக்கு ஐந்தாறு 'மறுபடி' வந்தது. பிறகு மாதத்துக்கு ஒன்று. பிறகு வருவதே நின்றுபோனது. என் கையெழுத்து இருந்தால் அவர் படிக்காமலே பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட ஆரம்பித்தார். அதைப் பெரிய விருதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷங்களில் நான் தனியாக இருக்க ஆரம்பித்திருந்தேன். நான் சொல்லப்போகும் சம்பவத்துக்கு நாலு வருஷம் முன்னால் என் கணவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. காரியங்கள் எல்லாம் முடிந்து, வந்த உறவினர்கள் பஸ் ஏறிப் போன வாரத்தில் என் வலது காதில் ஒரு கொசு வந்து உட்கார்ந்தது. கொசு என்பது நான் வைத்த பெயர். மெல்லிய, நிற்காத ரீங்காரம், காது தானே உண்டாக்கிக்கொள்ளும் இரைச்சல். காது பார்க்கிறவளுக்கு அது என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பகலில் ஆள் நடமாட்டம், பஸ் ஹாரன், மின்விசிறி இவற்றுக்கு நடுவே அது இருப்பதே தெரியாது. சத்தம் அடங்கினால்தான் வெளியே வரும். திருவண்ணாமலையிலேயே சத்தம் முழுசாக அடங்குகிற ஒரே இடம் எதுவென்றால், நான் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த அந்தப் பஞ்சு அறை.

'ஒன்றும் கேட்கவில்லை என்பதையும் கேட்கவும்' என்கிறது விதி. எனக்குக் கேட்டது. கதவைச் சாத்தி அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் கொசு மட்டும்தான் கேட்டது. அதோடு வீட்டின் காலி அறைகளும் சேர்ந்து வந்துவிடும். சில நாள் உட்கார்ந்து பார்த்தேன். பிறகு உட்காருவதை விட்டுவிட்டேன். கதவைத் திறந்து வைத்து, வாசலிலேயே நின்று, ஹெட்போனைக் கையில் பிடித்து, ஒவ்வொரு குஷனையும் என் இடது காதில் வைத்துக் கேட்பேன். கேபிளை வளைத்துப் பார்ப்பேன். எல்லாம் சரியாக இருக்கும். பதிவேட்டில் 'கேட்டேன்'. நாலு வருஷமாக அது பாதிப் பொய்.

தினமும் பத்தடி தூரத்தில் ஒரு காது டாக்டர் நின்று கேள்வி கேட்டுவிட்டுப் போகிறார். அவரிடம் என் காதைக் காட்டவில்லை. காது கெட்டவளை மெஷினில் உட்கார வைக்க மாட்டார்கள், ரசீது போடும் இடத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்று பயம். மெஷின் போனால் நாள் முழுக்க என்னிடம் யார் பேசுவார்கள்?

இந்த இடத்தில் ஒரு மோர் கேன் வருகிறது. பௌர்ணமி அன்று எங்கள் ஆஸ்பத்திரியில் காதுப் பரிசோதனை கிடையாது. கிரிவலம் போகிறவர்களின் கூட்டம், ஒலிபெருக்கி, விசில், சுண்டல் வண்டி மணி எல்லாம் சேர்ந்து பஞ்சுச் சுவரையும் தாண்டி உள்ளே வந்துவிடும். அதனால் அன்று என் அறைக்கு விடுமுறை. அறக்கட்டளைக்காரர்கள் வாசலில் பந்தல் போட்டுக் கிரிவலக்காரர்களுக்கு மோர் கொடுப்பார்கள். மோர் புளிக்காமலிருக்கக் குளிர்ச்சியான இடம் வேண்டும். கட்டடத்திலேயே குளிர்ச்சியான அறை எது? வெயிலும் காற்றும் புகாத என் அறை. சாவியைக் கொடுத்தவள் நான். காது பார்க்கும் அறையில் மோர் கேன் அடுக்கக் கூடாது என்று எந்த விதியிலும் எழுதவில்லை. எழுதியவர்கள் எங்கள் ஊருக்கு வந்ததில்லை.

அந்தப் பௌர்ணமிக்கு மறுநாள் காலை கேன்கள் போயிருந்தன. கார்ப்பெட்டில் லேசான மோர் வாடை. நாற்காலியைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டேன். வாசலில் நின்று கேட்டேன். சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

அன்று காலை முதல் ஆளாக வந்தவள் தமிழ்ச்செல்வி. கீழ்பென்னாத்தூர் பக்கத்து கிராமம், நெல்லும் கடலையும் போடுகிற குடும்பம். டிப்ளமா முடித்த பெண். ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து, உடல்தகுதிச் சான்றோடு நாலு நாளில் போய்ச் சேர வேண்டும். அந்தச் சான்றில் காதும் ஒன்று. அவள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கப்போகிற முதல் ஆள் அவள்தான் என்று வெளியே அஞ்சலையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள் அவளுடைய அம்மா.

இடது காது அருமையாக வந்தது. வலது காதில் வம்பு தொடங்கியது. நான் சத்தம் அனுப்புகிறேன், அவள் அழுத்தவில்லை. சத்தத்தைக் கூட்டுகிறேன், அப்போதும் இல்லை. திடீரென்று, நான் எதுவுமே அனுப்பாதபோது விளக்கு எரிகிறது. மறுபடி. மறுபடி. கதவைத் திறந்தேன்.

"சத்தம் வந்தா மட்டும்தான் அழுத்தணும்."

"வந்துச்சி மேடம்."

"நான் அனுப்பவே இல்லயேம்மா."

"வந்துச்சி மேடம், சத்தியமா. ஆனா விசில் மாரி இல்ல. வேற மாரி. நேரா உக்காந்தா போவுது, இப்படி சாஞ்சா வருது."

நம் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பழகிய கதை. வேலைக்குச் சான்று கேட்டு வருகிறவர், கேட்காத காதை மறைப்பதற்காக, குத்துமதிப்பாகப் பொத்தானை அழுத்துவார். பிடித்துக்கொண்டால் ஒரு காரணம் சொல்வார். சாய்ந்தால் வருகிறது, நிமிர்ந்தால் போகிறது என்பது நான் அதுவரை கேள்விப்படாத காரணம். கெட்டிக்காரப் பெண் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு தடவை வைத்துப் பார்த்தேன். அதே கதை. குறிப்புப் பகுதியில் எழுதினேன்: 'வலது காது: ஊகித்து அழுத்துகிறார். பதில்கள் நம்பகமானவை அல்ல.'

டாக்டர் அதை இரண்டு தடவை படித்தார். "கேட்டியாம்மா?" என்றார்.

"கேட்டேன் சார்."

"நீ சொன்னா சரி." கையெழுத்துப் போட்டார்.

தமிழ்ச்செல்வி தாளை வாங்கிப் படித்தாள். ஊகித்து என்ற சொல்லில் விரல் நின்றது. "மேடம், நான் சும்மா அழுத்தலீங்க," என்றாள். அவள் அழவில்லை. அவளுடைய அம்மாதான் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள், நான் ஏதோ நல்லது செய்திருக்கிறேன் என்று நினைத்து.

அதற்குப் பதினேழு நாள் கழித்து ஒரு பெரியவர் வந்தார். பம்புசெட்டும் டிராக்டரும் காதைத் தின்றுவிட்டிருந்தன. வலது காதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவரே ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கதவைத் தட்டினார்.

"இன்னாம்மா இது, டப்பாக்குள்ள எலி கீதா?"

"எலி எல்லாம் இல்ல பெரியவரே. விசில் கேட்டா அழுத்துங்க."

"விசிலும் வருது, எலியும் கறுக்கு கறுக்குனு கடிக்குது. நான் விசிலுக்கு அழுத்தறதா, எலிக்கு அழுத்தறதா? அத மொதல்ல சொல்லு."

அவருக்கு வேலையும் வேண்டாம், சான்றும் வேண்டாம். பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லாத மனிதர். அவரை வெளியே உட்காரச் சொன்னேன். உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். நாலு வருஷத்துக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

கொசு வந்தது, எதிர்பார்த்தபடி. ஹெட்போனை மாட்டினேன். சத்தம் ஓடிக்கொண்டிருந்தது, சுத்தமாக. நிமிர்ந்து உட்கார்ந்தேன். சத்தம் போனது. சாய்ந்தேன். கறுக் என்று ஒரு கடி, பிறகு சத்தம். மறுபடி நிமிர்ந்தேன், போனது. கேபிளைப் பிடித்துக்கொண்டே போனேன். சுவரில் செருகும் முனையிலிருந்து ஒரு முழம் தள்ளி, ரப்பர் உறைக்குள் தட்டையாக ஒரு நசுங்கல். அதன்மேல் ஒரு கேன் நின்றிருக்கிறது. வாசலில் நின்று பிடித்தால் கேபிள் தளர்ந்து தொங்கும், உள்ளே அறுந்த இழைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். நாற்காலியில் ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் கேபிள் இழுபட்டு இழை பிரியும். தமிழ்ச்செல்வி எதையும் ஊகிக்கவில்லை. கேபிளைக் கேட்டிருக்கிறாள். கேட்டதற்கெல்லாம் ஒழுங்காக அழுத்தியிருக்கிறாள். அந்த அறையில் அன்று சரியாகக் கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

கேபிளைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார்.

"எத்தன நாளா வாசல்ல நின்னு கேக்கற?"

"நாலு வருஷமா சார்."

"ஏன்?"

சொல்லியிருக்கலாம். அறையில் வேறு யாரும் இல்லை. அவர் காது டாக்டர்.

"நேரம் பத்தல சார்."

"நேரமா," என்றார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது. ஆனால் என் முகத்துக்கு அவர் 'மறுபடி' என்று எழுதவில்லை. "பௌர்ணமிக்கப்பறம் பாத்தவங்க எல்லாரையும் லிஸ்ட் போடு. கூப்பிட்டு மறுபடி பாரு. அந்தப் பொண்ணுக்கு மட்டும் லெட்டர் போடாத. நீயே நேர்ல போ." கூடவே சொன்னார்: "அதுல என் கையெழுத்தும் கீது. அதையும் சொல்லு."

நாற்பத்தொரு பேர். மற்ற எல்லோருடைய வித்தியாசமும் மருந்துச் சீட்டளவில் சரிசெய்யக்கூடியதாக இருந்தது. கீழ்பென்னாத்தூருக்கு மறுநாளே பஸ் ஏறினேன். வீட்டில் விசாரித்தபோது, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடையில் வேலைக்குப் போவதாகச் சொன்னார்கள். கடையில் அவள் மட்டும் இருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. "என்ன காப்பி எடுக்கணும்?" என்றாள்.

சொன்னேன். மோர் கேனிலிருந்து எல்லாவற்றையும். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. யாருடைய பட்டாவோ ஒவ்வொரு பக்கமாக வெளியே வந்து விழுந்துகொண்டிருந்தது. அவள் அதை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப எனக்குக் கேட்டது நெஜம்."

"நெஜம்தாம்மா."

"நான் சொன்னேனே மேடம். சாஞ்சா வருதுனு."

"சொன்ன. நான்தான் கேக்கல."

"அந்த நாற்காலியில உக்காந்து பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும் இல்ல?"

"ம்."

"ஏன் உக்காரல?"

"தப்பு என்னுதும்மா. டாக்டரும் சொல்லச் சொன்னாரு, அவர் கையெழுத்தும்..."

"தப்பு உங்களுதுனு எனக்குத் தெரியும் மேடம். ஏன்னு கேட்டேன்."

கடைசியாக விழுந்த பட்டாப் பக்கத்தை எடுத்து அவளிடம் நீட்டினேன். ஒருவர் உள்ளே வந்து ஆதார் அட்டையை நீட்டினார், இரண்டு பக்கமும் ஒரே தாளில் வேண்டும் என்று. அவள் அவரைக் கவனிக்கப் போனாள். அவர் போனதும், மறுபரிசோதனைக்கு என்றைக்கு வர முடியும் என்று கேட்டுக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை வந்தாள். அவள் பார்க்கும்படி நான் முதலில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, கதவைச் சாத்தி, புதுக் கேபிளை வளைத்தும் இழுத்தும் கேட்டேன். பிறகு அவள் உட்கார்ந்தாள். இரண்டு காதும் ஒரு குறையும் இல்லாத காது. நான் அதுவரை பார்த்ததிலேயே ஒழுங்கான பதில்கள். புது அறிக்கையை டாக்டர் தன் கையால் ஒரு விளக்கக் கடிதம் எழுதித் தொழிற்சாலைக்கு அனுப்பினார். அங்கே அந்த இடத்துக்கு வேறு ஆள் சேர்ந்துவிட்டிருந்தது. அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது பார்க்கலாம் என்று மரியாதையாகவே பதில் போட்டார்கள். அடுத்த தடவை வந்ததா, அவள் போனாளா, எனக்குத் தெரியாது. விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவளிடம் இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

டாக்டர் ஏகாம்பரம் ஓய்வு பெறும் நாள் வரை காலை எட்டே முக்காலுக்கு வந்துகொண்டிருந்தார். கேள்வி மட்டும் ஒரு சொல் நீண்டிருந்தது. "உக்காந்து கேட்டியாம்மா?"

"கேட்டேன் சார்." அதற்குப் பிறகு அது பொய்யாக இருந்ததில்லை. தினமும் காலையில் ஐந்து நிமிஷம், நானும் கொசுவும், கதவைச் சாத்திக்கொண்டு. ரசீது போடும் இடத்துக்கு என்னை யாரும் மாற்றவில்லை. அவர்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

இப்போது வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் வந்த புது வீடுகளில் ஒன்றில் இருக்கிறேன். மார்கழியிலும் மின்விசிறி ஓடும். டிவியில் யாராவது எதையாவது விற்றுக்கொண்டிருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள், பாவம் அந்தம்மாவுக்குக் காது மந்தம் என்று பேசிக்கொள்வதும் எனக்கு நன்றாகக் கேட்கிறது.

கவிதாவுக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது நாள் நட்சத்திரம் தப்பாகிவிடக் கூடாது என்று பழைய பதிவேட்டைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். போன வாரம்தான். மெஷின் புதிது, அறை அதே அறை. கவிதா டீ வரவழைத்தாள். குடித்து முடித்ததும், "உள்ள உக்காருங்க மேடம், உங்க காதைப் பாத்துடலாம். ரிட்டையரானவங்களுக்கு ஃப்ரீ," என்று சிரித்தாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை.

உட்கார்ந்தேன். சிவப்பு வலது, நீலம் இடது. பொத்தானைக் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். இடது காது ஒழுங்காகப் போயிற்று. வலது காதில் சத்தம் சின்னதாகச் சின்னதாக, எங்கேயோ கொசுவுக்குள் போய்க் கலந்துவிட்டது. எது அவள் அனுப்புவது, எது என்னுடையது என்று பிரிக்க முடியவில்லை. இருபத்தெட்டு வருஷம் மற்றவர்களுக்குச் சொன்னதை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: கேட்டால் அழுத்தணும். அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன்.

கதவு திறந்தது.

"மேடம், நான் ஒண்ணும் அனுப்பலயே."

"தெரியும்மா. ஆனா சத்தம் வருது."

கவிதா என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, சுவரில் செருகியிருந்த முனையிலிருந்து கேபிளை விரலால் நீவிக்கொண்டே வந்தாள். என்னை எழுப்பி, ஹெட்போனை வாங்கி, தானே அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் நிமிர்வதும் சாய்வதும் கேபிளை வளைப்பதும் எனக்குத் தெரிந்தது. எதையும் விடவில்லை. கடைசியில் அசையாமல் உட்கார்ந்து, ஒன்றும் கேட்கவில்லை என்பதையும் கேட்டாள்.

வெளியே வந்தாள். "கேபிள் நல்லா கீது மேடம்."

"தெரியும்."

அவள் அறைக் கதவைச் சாத்தினாள். பிறகு மேசையிலிருந்து படிவத்தை எடுத்து என் எதிரில் உட்கார்ந்தாள். எந்த நோயாளியையும் கேட்பதுபோலக் கேட்க ஆரம்பித்தாள்.

"எந்தக் காதுல சத்தம்?"

"வலது."

"விட்டு விட்டா, நிக்காமயா?"

"நிக்காம."

"எத்தன வருஷமா?"

"பதினாறு."

அவள் பேனா நின்றது. எழுதினாள். அடுத்தது, சத்தம் எந்த மாதிரி இருக்கிறது என்ற கேள்வி. அதை அவள் கேட்கவில்லை.

"இத யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா மேடம்?"

படிவத்தில் அப்படி ஒரு கேள்வி கிடையாது. எனக்குப் படிவம் மனப்பாடம்.